ஆளை நிறுக்கும் தராசு

 

அழிந்துபோன சமூகங்கள் பலவற்றின் வரலாற்றைத் திருக்குர்ஆனிலே அல்லாஹு தஆலா நமக்கு எடுத்துரைக்கின்றான். ஆது கூட்டத்தார் தங்கள் வலிமையால் இறுமாந்தனர். ஸமூது கூட்டத்தார் மலைகளைக் குடைந்து வீடு சமைத்தனர். அவர்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நம்மில் சிலர் நிம்மதியாக இருந்துவிடக் கூடும். மத்யன் நகரத்தார் கதை வரும்போது அவ்விதம் இருக்க முடியாது. ஏனெனில் அவர்கள் நம்மைப் போல வியாபாரிகள்; தராசு பிடித்தவர்கள்; அளந்து கொடுத்துக் காசு வாங்கியவர்கள்.

அவர்களிடம் அனுப்பப்பெற்ற நபி ஷுஐப் (அலை) அவர்கள், அல்லாஹ் ஒருவனையே வணங்குமாறு அழைத்த அதே மூச்சில், அளவையையும் நிறுவையையும் நிறைவாகக் கொடுக்கும்படி ஏவினார்கள். அதோடு நிறுத்தவில்லை. மனிதர்களுக்குரிய பொருள்களை அவர்களுக்குக் குறைத்து விடாதீர்கள் என்று தனியே ஓர் எச்சரிக்கையும் விடுத்தார்கள். அஃராஃப், ஹூது, ஷுஅரா ஆகிய மூன்று அத்தியாயங்களிலும் இந்தச் செய்தி வருகின்றது. அளவையைப் பற்றிச் சொல்லியாயிற்று, நிறுவையைப் பற்றியும் சொல்லியாயிற்று. பிறகு ‘அவர்களுடைய பொருள்கள்’ என்று மூன்றாவதாக ஒன்றைச் சொல்வானேன்? மிளகும் அரிசியும் தராசில் ஏறும். ஒரு மனிதனுடைய உழைப்பும், அவனுக்குரிய பதவியும், பத்துப் பேர் முன்னிலையில் அவனுக்குரிய மரியாதையும் எந்தத் தராசில் ஏறும்? ஏறாவிட்டாலும் அவை அவனுடைய பொருள்கள்தாம் என்பதை நாம் சற்றுத் தாமதமாகவே விளங்கிக் கொண்டோம். விளங்கிக் கொண்ட விதத்தைச் சொல்லவே இதை எழுதுகின்றோம்.

நமது கடை பினாங்கு ஜார்ஜ் டவுனில் மளிகைச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் கடை. அங்கே பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கும் ஒருவர் உண்டு. வீடு ஜெலுத்தோங் பக்கம். அன்றும் இன்றும் சைக்கிளில்தான் வருகிறார். அவருக்கு மோட்டார் கார் வாங்க இயலாது என்பதில்லை; நம்மூரில் எத்தனையோ பேர் அவரைவிடக் குறைந்த சம்பளத்தில் ஒன்பது வருஷத் தவணை போட்டுக் கார் வைத்திருக்கிறார்கள். அவர் கடனுக்கு அஞ்சுகிறவர். தங்கையின் நிக்காஹ் செலவை முடித்துவிட்டு, கையில் ரொக்கம் சேர்ந்த பிறகு பார்க்கலாம் என்றிருப்பவர். இஸ்லாமிய முறையில் கார் வாங்க இப்போது வழி இருக்கிறதே என்று நாமே ஒரு தடவை சொன்னோம். “வட்டி இல்லை என்றாலும் கடன் கடன்தானே முதலாளி” என்றார். கடன் சுமையை விட்டுப் பாதுகாப்புத் தேடிப் பெருமானார் (ஸல்) அவர்கள் தொழுகையில் துஆ செய்ததாக ஹதீஸில் வருவதை மிம்பரில் கேட்டுத் தலையாட்டுகிறவர்கள் நாம். கேட்டபடி நடக்கிறவர் அவர்.

சென்ற ஆண்டு நமது பழைய கணக்குப்பிள்ளை வயது காரணமாக விலகி, இராமநாதபுரம் ஜில்லாவிலுள்ள தம் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த இடத்துக்கு இருவர் இருந்தனர். ஒருவர் மேலே சொன்ன சைக்கிள்காரர். மற்றவர் நான்கு வருஷம் முன்னர் வந்தவர். பட்டர்வொர்த்திலிருந்து காரில் வருகிறவர். நல்ல மனிதர், குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் சரக்கின் தரம், பாக்கிதாரர்களின் குணம், எந்த மாதத்தில் எந்தச் சாமான் விலை ஏறும் என்பவற்றில் முன்னவருக்குள்ள ஞானம் பின்னவருக்கு இல்லை. கூட்டாளிகள் மாடியில் கூடி யோசித்தபோது முன்னவரின் பெயரை ஒருவர் சொன்னார். அப்போது நாம் ஒரு வார்த்தை சொன்னோம். “பாங்கிக்குப் பணத்தைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டா போவார்?” எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு காரியம் முடிந்தது. பதவி கார்க்காரருக்குப் போயிற்று.

சகோதரர்களே! பாங்கி நமது கடையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. பழைய கணக்குப்பிள்ளை இருபது வருஷமாகப் பணப்பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்துதான் போய் வந்தார்.

பிறகு புனித ரமலான் வந்தது. பெருநாளுக்குச் சிப்பந்திகளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கணக்கிடுவதற்காக வருகைப் புத்தகத்தை எடுத்து, தராவீஹ் முடிந்தபின் தனியே உட்கார்ந்து புரட்டினோம். அந்தப் புத்தகத்தை எழுதுவது நாமே. சைக்கிள்காரரின் பெயருக்கு நேரே மூன்று இடங்களில் ‘மழை, தாமதம், அரை நாள்’ என்றிருந்தது. அதாவது அரை நாள் கூலி பிடித்திருந்தோம். பத்து நிமிஷம், கால் மணி நேரத் தாமதம்தான். காரில் வருகிறவரின் பெயருக்கு நேரே அதைவிடப் பல மடங்கு இடங்களில் ‘பாலத்தில் நெரிசல்’ என்றிருந்தது. அவருக்குக் காசு பிடித்ததாக ஒரு வரிகூட இல்லை. இரண்டும் நம் கையெழுத்துத்தான், ஒரே பேனாவால் எழுதியவைதாம். மழை வந்தால் அவன் வீட்டிலிருந்து முன்கூட்டிப் புறப்பட்டிருக்க வேண்டும் என்று எண்ணியிருக்கிறோம். பாலத்தில் வாகனங்கள் நின்றால் பாவம், அவர் என்ன செய்வார் என்று எண்ணியிருக்கிறோம். பினாங்குப் பாலத்தில் காலையில் நெரிசல் உண்டு என்பது, அக்டோபரில் மழை உண்டு என்பதைப் போலவே எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அல்லவா?

திருக்குர்ஆனின் 83-வது அத்தியாயம் அளவையில் மோசடி செய்வோரின் பெயராலேயே அமைந்தது. அங்கே அல்லாஹு தஆலா அவர்களை அடையாளம் காட்டும் முறையைக் கவனியுங்கள். தமக்கு அளந்து வாங்கும்போது நிறைய வாங்கிக்கொள்வார்கள். பிறருக்கு அளந்தோ நிறுத்தோ கொடுக்கும்போது குறைத்து விடுவார்கள் என்கிறான். ஒரே மனிதனிடம் இரண்டு மரக்கால் இருப்பதுதான் அங்கே குற்றமாகச் சொல்லப்படுகிறது. நமது கடைத் தராசை 1972-ம் ஆண்டின் எடை அளவைச் சட்டப்படி அதிகாரி பரிசோதித்து முத்திரை வைத்துப் போகிறார். அந்த முத்திரையைக் கண்டு நாம் பெருமைப்பட்டதும் உண்டு. வருகைப் புத்தகத்துக்கு முத்திரை வைக்கும் அதிகாரி யாருமில்லை. அந்த இரவு அந்தப் புத்தகத்தின் முன்னே உட்கார்ந்திருந்தபோது நமக்கு ஸஹர் உணவு இறங்கவில்லை.

அதன் பின்னர் மற்றவையும் ஒவ்வொன்றாகக் கண்ணில் படலாயின. காரில் வருகிறவருக்கு வண்டி நிறுத்தும் கட்டணத்தை மாதாமாதம் கடைக் கணக்கில் கொடுத்து வந்தோம். சைக்கிளை ஐந்தடியில் வைத்தால் வாடிக்கைக்காரருக்கு இடைஞ்சல் என்று பின்சந்துக்குத் துரத்தினோம். அது அங்கே வெயிலிலும் மழையிலும் கிடந்து துருப்பிடித்தது. உள்ளே மல்லி மூட்டைகளுக்கு அருகில் ஒரு சைக்கிள் நிற்க இடமில்லாமற் போகவில்லை. நனைந்து வந்தவர் சட்டை மாற்றிக்கொள்ள ஒரு மூலைகூட நாம் ஒதுக்கியதில்லை. அதே சமயம் ஈரச் சட்டையோடு கல்லாப் பக்கம் வராதே என்று அதட்டியதுண்டு.

இந்தச் சைக்கிளைக் கண்டு நாம் வெட்கப்படுவதற்கு நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நாசி கண்டார் என்று இன்று ஊரெல்லாம் பெயர் சொல்லும் உணவுக்கு அப்பெயர் எப்படி வந்தது? நம் பாட்டன்மார் தோளில் காவடித் தடியைப் போட்டு, ஒரு பக்கம் சோறும் மறு பக்கம் ஆணமும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளிகளுக்குக் கால்நடையாக விற்றதால் வந்தது. ரொட்டிக் கூடையைச் சைக்கிளில் கட்டி, மணியடித்துக்கொண்டு கம்போங் கம்போங்காகப் போனவர்களும் நம்மவர்தாம். ஜவுளி மூட்டையைப் பின்னால் வைத்துத் தோட்டப்புறங்களுக்கு மிதித்துப் போனவர்களும் நம்மவர்தாம். 1985-ல் பாலம் திறந்தார்கள். புரோட்டான் சாகா கார் விற்பனைக்கு வந்ததும் அதே ஆண்டுதான். அதற்குப் பிறகு, கார் இல்லாதவன் இன்னும் முன்னேறாதவன் என்ற எண்ணம் நம் மனத்தில் மெல்ல மெல்ல ஊறிவிட்டது என்றே தோன்றுகிறது. கடைக்குள்ளேயே உட்கார்ந்து செய்யும் வேலைக்கு விளம்பரம் போடும்போதும் ‘சொந்த வாகனம் உள்ளவர்’ என்று ஒரு வரி சேர்க்கிறோம். எதற்கு என்று கேட்டால் நமக்கே பதில் தெரியாது.

மத்யனுக்குத் திரும்பி வருவோம். அதே ஊரில்தான், ஆளை வேலைக்கு வைப்பது எப்படி என்பதையும் அல்லாஹு தஆலா நமக்குக் காட்டுகின்றான். நபி மூஸா (அலை) அவர்கள் மிஸ்ரை விட்டுத் தப்பி மத்யன் வந்து சேர்ந்தபோது அவர்களிடம் என்ன இருந்தது? கையில் காசில்லை, தங்க இடமில்லை. கிணற்றங்கரையில் இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துவிட்டு, நிழலில் ஒதுங்கி, ரப்பிடம் தம் தேவையை முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பெண்களில் ஒருவர் தம் தந்தையிடம் சிபாரிசு செய்தபோது இரண்டே தகுதிகளைச் சொன்னார்: வலிமை, நம்பிக்கை. வேலைக்கு வைக்கத் தக்கவர்களில் சிறந்தவர் இவ்விரண்டும் உடையவரே என்றார். எதில் ஏறி வந்தார் என்று அந்தப் பெரியவர் கேட்டதாக இல்லை. 28-வது அத்தியாயத்தில் இதைப் பார்க்கலாம். நமது சைக்கிள்காரரிடம் இவ்விரண்டும் இருந்தன. பன்னிரண்டு வருஷத்தில் கல்லாவில் ஒரு சென் குறைந்ததில்லை. ஜெலுத்தோங்கிலிருந்து நாள்தோறும் மிதித்து வருகிற உடம்புக்கு வலிமைச் சான்று வேறு வேண்டியதில்லை.

பெருமானார் (ஸல்) அவர்கள் ஏறிய வாகனங்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். குதிரையும் ஒட்டகமும் இருந்த காலத்தில் அவர்கள் கழுதையிலும் ஏறிச் சென்றார்கள். உஃபைர் என்ற கழுதையில் முஆத் (ரலி) அவர்களைப் பின்னால் ஏற்றிச் சென்ற செய்தி புகாரி ஷரீஃபில் உண்டு. குபா பள்ளிவாசலுக்குச் சனிக்கிழமைதோறும் சில வேளை வாகனத்திலும் சில வேளை நடந்தும் போவார்கள். நடந்து போன சனிக்கிழமைகளில் அவர்களுடைய மதிப்பு குறைந்ததாக மதீனாவில் யாராவது எண்ணியிருப்பார்களா? ஹிஜ்ரி 2-ல் பத்ருக்குப் புறப்பட்டபோது ஒட்டகங்கள் போதவில்லை. மூவருக்கு ஓர் ஒட்டகம் என்று முறை வைத்துக்கொண்டார்கள். நாயகத்தின் பங்காளிகளாக வாய்த்த அலீ (ரலி), அபூலுபாபா (ரலி) இருவரும், தங்களுக்காக நாங்கள் நடக்கிறோம் என்றார்கள். நாயகம் ஒப்பவில்லை. நீங்கள் என்னைவிடப் பலசாலிகளும் இல்லை, நன்மை எனக்கும் வேண்டியிருக்கிறது என்ற கருத்தில் பதில் சொல்லி, தம் முறை வந்தபோது இறங்கி நடந்தார்கள்.

ஆள் பார்த்து எடை போடும் நம் பழக்கத்துக்கு நேரே சூடு வைப்பது போல இன்னொரு ஹதீஸும் உண்டு. நாயகத்தின் அருகே ஒரு மனிதர் கடந்து போனார். இவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று நாயகம் கேட்டபோது, இவர் பெண் கேட்டால் கொடுக்கத் தக்கவர், சிபாரிசு செய்தால் ஏற்கத் தக்கவர், பேசினால் கேட்கத் தக்கவர் என்றார்கள் தோழர்கள். பிறகு ஓர் ஏழை முஸ்லிம் போனார். அவருக்கு இதற்கு நேர் மாறாகச் சொன்னார்கள். முதலில் போனவரைப் போன்றவர்களால் பூமி நிறைந்திருந்தாலும் அவர்கள் எல்லாரையும்விட இந்த ஒருவர் மேலானவர் என்று நாயகம் விடை பகர்ந்தார்கள். ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தியைப் பல தடவை கேட்டிருக்கிறோம். மாடியில் சிரித்த அன்று அது நினைவுக்கு வரவில்லை.

இதைப் படிக்கும் சகோதரர்களில் சிலர் கேட்கலாம்: “வாகனம் தேவைப்படும் வேலையும் இருக்கிறதே, பாய்?” இருக்கிறது. கூலிம், சுங்கைப் பட்டாணி, அலோர் ஸ்டார் என்று ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுத்து வருகிறவர் சைக்கிளில் போக முடியாது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த நிபந்தனையை ஆள் எடுக்கும்போதே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். கடைக்கு வேண்டிய வாகனத்தைக் கடைதான் கொடுக்க வேண்டும், அல்லது அதன் செலவை ஏற்க வேண்டும். மத்யன் பெரியவர் நபி மூஸா அவர்களுடன் பேசிய ஒப்பந்தத்தைப் பாருங்கள். எட்டு வருஷம் என்று காலம் சொன்னார். பத்தாக்கினால் அது உம் விருப்பம் என்றார். உமக்குச் சிரமம் கொடுக்க நான் நாடவில்லை என்றும் சொன்னார். எல்லாம் முன்கூட்டியே, வாய்விட்டுச் சொல்லப்பட்டன. நாமோ பன்னிரண்டு வருஷமாக ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்துவிட்டு, பதவி கொடுக்கும் நாளில் கேரியரைப் பற்றிக் கேலி பேசினோம்.

இன்னும் சிலர், சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறதா என்று கேட்பார்கள். மலேசியாவில் 1955-ம் ஆண்டின் வேலைச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது; வேலையில் பாகுபாடு பற்றிய முறையீட்டைத் தொழிலாளர் இலாகாத் தலைமை இயக்குநர் விசாரிக்க அதில் வழியுண்டு. எது எது பாகுபாடு என்று அது பட்டியல் போடவில்லை. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம் பட்டியல் போடுகிறது: வயது, தேசியம், ஆண் பெண் பேதம், திருமண நிலை, கர்ப்பம், குடும்பத்தாரைப் பராமரிக்கும் பொறுப்பு, இனம், மதம், மொழி, உடற்குறை, மனநலம். எந்த வண்டியில் வருகிறான் என்பது அதில் இல்லை. எனவே நமது சைக்கிள்காரர் அக்கரையில் இருந்திருந்தாலும் அந்தப் பட்டியலைக் காட்டி நம்மிடம் நியாயம் கேட்க முடியாது. இதை அறிந்து ஒரு முதலாளி மூச்சு விட்டுக்கொள்வாரானால், அவர் மத்யன் கதையை இன்னொரு தடவை படிக்கட்டும். ஒன்று மட்டும் சொல்லலாம். 1969-ம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நேரும் விபத்தைக் கணக்கில் எடுக்கிறது. வந்தது காரிலா சைக்கிளிலா என்று அது பேதம் பார்ப்பதில்லை. சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றிய நியாயம் ஐந்து வேளை தொழுகிற நமக்குத் தோன்றவில்லை.

சைக்கிளில் வரும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. இரவில் விளக்கில்லாமல் வராதீர்கள். காரில் போகிறவர்கள் எல்லாரும் கடன்காரர்கள், பெருமைக்காரர்கள் என்று நீங்களும் எடை போட்டுவிடாதீர்கள்.

நிற்க. பெருநாளுக்கு முன்னே அவரைத் தனியாக அழைத்து, பிடித்த கூலியையும், இத்தனை நாள் மற்றவருக்குக் கொடுத்த வண்டிக் கட்டணத்துக்கு ஈடான தொகையையும் ஓர் உறையில் வைத்துக் கொடுத்தோம். மன்னிப்பும் கேட்டோம். அவர் உறையைப் பார்த்துவிட்டு, “இதை நான் கேட்கவே இல்லையே முதலாளி” என்றார்.

“நீங்கள் கேட்காததால்தான் தம்பி, நமக்குத் துணிச்சல் வந்தது” என்றோம்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “பணம் போகட்டும் முதலாளி. அன்றைக்கு மாடியில் எல்லாரும் சிரித்தீர்களே, அப்போது என் மகன் படிக்கட்டுக்குக் கீழே சாக்குக் கட்டிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட விடுமுறை என்று நான்தான் கூட்டி வந்திருந்தேன். அதுக்குப் பிறகு என் சைக்கிளில் ஏற மாட்டேன் என்கிறான். நான் நடந்தே போயிடுறேன் அத்தா என்கிறான்.”

இதற்கு நம்மிடம் பதில் இல்லை. உறையில் வைத்துக் கொடுப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை.

கணக்குப்பிள்ளைப் பதவியை இப்போது பறித்து மாற்றிக் கொடுத்தால், குற்றமில்லாத மற்றவருக்கு அநியாயம் செய்தவர்களாவோம். ஆகையால் ஆயர் ஈத்தாம் பக்கம் திறக்கவிருக்கும் சிறு கிளையை இவர் பொறுப்பில் விடுவதென்று கூட்டாளிகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வருகைப் புத்தகத்தை மூடிவிட்டோம். அவரவர் வந்த நேரத்தை அவரவரே கடிகாரத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். தாமதத்துக்கு எல்லாருக்கும் ஒரே கணக்கு. மூட்டைகளுக்குப் பக்கத்தில் சைக்கிள் நிற்கிறது. கிளைப் பொறுப்பைச் சொன்னபோது அவர் உடனே சம்மதிக்கவில்லை. வீட்டில் கேட்டு, வரும் ஜும்ஆவுக்குப் பிறகு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளையையும் அன்று பள்ளிக்கு அழைத்து வரும்படி கேட்டிருக்கிறோம். அவன் வந்தால் அவனிடம் என்ன சொல்வது என்பதைத்தான் இதை எழுதும் இந்த நேரம் வரை யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

வஸ்ஸலாம்.